காலிச் சாக்கின் எடை: ஏற்காடு மலைப்பாதைக் கஞ்சா வழக்கொன்றில் மூன்று பிணை மனுக்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு மலைப்பாதைகள் உண்டு. கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது சுற்றுலாப் பயணிகள் அறிந்த பாதை. அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியாக ஏறுவது உள்ளூர்க்காரர்களும் சரக்கு வண்டிகளும் அதிகம் பயன்படுத்தும் பாதை. இந்த வழக்கு அந்த இரண்டாவது பாதையின் கீழ்முனையில், ஒரு தை மாதத்து அதிகாலை ஐந்து மணி இருபது நிமிடத்துக்குத் தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்டவர்களை நீதிமன்ற வழக்கில் எதிரிகள் என்போம். மூன்று எதிரிகளில் இரண்டாம் எதிரிக்காக நான் ஆஜரானேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

காவல்துறையின் கூற்று சுருக்கமானது. இரகசியத் தகவலின்பேரில் வாகனத் தணிக்கை நடந்தபோது தக்காளிக் கிரேடுகள் ஏற்றிய சிறிய சரக்கு வண்டியொன்று நிறுத்தப்பட்டது. தார்ப்பாயை விலக்கிக் கிரேடுகளை இறக்கியதும் அடியில் இரண்டு சாக்கு மூட்டைகள் இருந்தன. ஒன்று 10.700 கிலோ, மற்றொன்று 10.200 கிலோ, மொத்தம் 20.900 கிலோ கஞ்சா என்று, பிடித்த இடத்திலேயே எழுதப்பட்ட பதிவான கைப்பற்றுதல் மகஜர் சொன்னது. ஓட்டுநர் முதல் எதிரி. அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த, நாகலூர் பக்கத்துக் காப்பித் தோட்டத் தொழிலாளி இரண்டாம் எதிரி. முதல் எதிரி கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தில் பெயர் வந்ததால், ஏற்காட்டில் காட்டேஜ் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்திவந்தவர் பன்னிரண்டு நாள் கழித்து மூன்றாம் எதிரியாகக் கைது செய்யப்பட்டார்.

போதைப்பொருட்கள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டம், 1985-இன்கீழ் வரும் எந்தக் கஞ்சா வழக்கிலும் வழக்கறிஞர் முதலில் படிப்பது எடையைத்தான். 2001 அக்டோபர் 19 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி கஞ்சாவுக்குச் சிறிய அளவின் எல்லை 1 கிலோ, வணிக அளவின் எல்லை 20 கிலோ. இரண்டுக்கும் நடுவில் உள்ளதை இடைப்பட்ட அளவு என்கிறோம். இடைப்பட்ட அளவானால் தண்டனை பத்தாண்டு வரை போகலாம், ஆனால் குறைந்தபட்சத் தண்டனை என்று ஒன்று கிடையாது. வணிக அளவானால் பத்தாண்டுக்குக் குறையாமலும் இருபதாண்டுக்கு மிகாமலும் கடுங்காவல், அதோடு ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். இதைவிட உடனடியாக உறைப்பது 37-ஆம் பிரிவு. வணிக அளவு வழக்கில் அரசு வழக்கறிஞர் எதிர்த்துவிட்டால், மனுதாரர் குற்றவாளி அல்லர் என்று நம்புவதற்கு நியாயமான காரணங்கள் உள்ளன, பிணையில் இருக்கும்போது அவர் எந்தக் குற்றமும் செய்யமாட்டார் என்னும் இரண்டிலும் நீதிமன்றம் திருப்தி அடைந்தால்தான் பிணை. கொலை வழக்கில்கூட விசாரணை நீதிமன்றத்துக்கு இப்படியொரு பூட்டு இல்லை. 1989 திருத்தத்தில் இந்த வடிவம் பெற்ற இந்தப் பிரிவு முதலில் ஐந்தாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய எல்லாக் குற்றங்களையும் பிடித்துக்கொண்டிருந்தது. 2001 திருத்தம்தான் அதை வணிக அளவுக்கும் 19, 24, 27-ஏ ஆகிய பிரிவுகளுக்குமாகக் குறுக்கியது.

எனவே 20.900 என்ற எண்ணில் கடைசி 900 கிராம்தான் மூன்று பேரையும் அந்தப் பூட்டுக்குள் வைத்தது. அந்த 900 கிராம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதினான்கு மாதம் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்பதுதான் இந்த வழக்கை எழுதத் தூண்டியது.

முதல் சுற்று

சேலம் சிறப்பு நீதிமன்றத்தில் முதல் இரண்டு எதிரிகளின் மனுக்களும் கைதான நான்காவது வாரத்தில் ஒரே நாளில் விசாரணைக்கு வந்து, ஒரே பொது உத்தரவில் தள்ளுபடியாயின. கைப்பற்றப்பட்டது வணிக அளவு, புலனாய்வு தொடக்க நிலையில் உள்ளது, 37-ஆம் பிரிவின் தடை பொருந்தும் என்பது உத்தரவின் சாரம். தொடக்க நிலையில் அப்படியொரு உத்தரவு வருவதில் வியப்பில்லை. என் குறை வேறு. இரண்டு மனிதர்களின் நிலை ஒன்றல்ல என்பதை அந்த உத்தரவில் எந்த வரியும் தொடவில்லை. ஒருவர் வண்டியை ஓட்டியவர், சரக்கை ஏற்றியவர். மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். "மனுதாரர்கள்" என்ற ஒரு பன்மைச் சொல் இருவரையும் சேர்த்துக் கட்டிவிட்டது.

சோதனை நடைமுறையைச் சொல்லும் 42-ஆம் பிரிவைப் பற்றிய வாதத்தை இங்கே விரைவாகக் கடந்துவிடலாம். தனியார் வாகனம், சூரிய உதயத்துக்கு முன் சோதனை, தகவலை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டிய கடமை ஆகியவற்றைச் சொன்னோம். தனியார் வாகனம் பொதுச்சாலையில் நின்றாலும் 42-ஆம் பிரிவே பொருந்தும் என்று பூட்டா சிங் வழக்கில் (2021) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிவு இருக்கிறதா இல்லையா என்பதைச் சாட்சி விசாரணையில் பார்க்கலாம் என்றார் நீதிபதி. அதில் எனக்குப் பெரிய மாற்றுக்கருத்து இல்லை. 50-ஆம் பிரிவைக் கையில் எடுக்கவே இல்லை. அது உடல் சோதனைக்கு உரியது, கிரேடுக்கு அடியில் இருந்த மூட்டைக்கு அது வராது.

சட்டைப்பையில் இருந்த சீட்டு

இரண்டாம் எதிரியின் கதை எளியது. மனைவி சேலம் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். இரண்டு இரவு துணைக்கு இருந்துவிட்டு, காப்பிப் பழம் பறிக்கும் பருவம் என்பதால் வேலையை விட முடியாமல், மைத்துனியை மருத்துவமனையில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். மலைக்குப் போகும் முதல் பேருந்துக்கு நேரம் இருந்ததால் அயோத்தியாப்பட்டணத்தில் கை காட்டினார். அந்த வண்டி நின்றது.

இப்படிச் சொல்லாத எதிரி கிடையாது என்று அரசு வழக்கறிஞர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. மனுதாரரின் உடைமையிலிருந்து எதுவும் கைப்பற்றப்படவில்லை என்று சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்கும் இளம் வழக்கறிஞர்கள், 2021 செப்டம்பரில் வந்த முகமது நவாஸ் கான் தீர்ப்பைப் படிக்க வேண்டும். காரில் ஹெராயின் மறைத்துவைக்கப்பட்டிருந்த அந்த வழக்கில், மனுதாரரின் உடம்பில் எதுவும் இல்லை என்ற காரணத்தை முதன்மையாகக் கொண்டு உயர் நீதிமன்றம் கொடுத்த பிணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தொலைபேசித் தொடர்பு போன்றவற்றை உயர் நீதிமன்றம் கணக்கில் கொள்ளவில்லை என்பதும் அங்கே சொல்லப்பட்டது. வண்டிக்குள் இருந்தவர், குற்ற மனநிலையை அவருக்கு எதிராக ஊகித்துக்கொள்ளும் 35, 54 ஆகிய பிரிவுகளின் அனுமானங்களையும் எதிர்கொண்டாக வேண்டும். ஆகவே கேள்வி, பொருள் இருக்கிறது என்று அறிந்து அதன்மேல் ஆளுகை வைத்திருந்தாரா என்பது. அறியவில்லை என்று எதிரி வாயால் சொன்னால் போதாது. அதைக் காட்டும் ஏதாவது வழக்கு ஆவணத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இருந்தது. கைது செய்யும்போது எதிரியின் உடம்பில் இருந்த பொருட்களைப் பட்டியலிட்டு ஒரு குறிப்பு எழுதுவார்கள். பெரும்பாலும் யாரும் அதைப் படிப்பதில்லை. இந்த வழக்கில் அந்தக் குறிப்பின் மூன்றாவது வரி: "ரூபாய் 230, பீடிக்கட்டு 1, தீப்பெட்டி 1, பட்டன் செல்போன் 1, அரசு மருத்துவமனைச் சீட்டு 1." குறிப்பை எழுதிய தலைமைக் காவலர் சீட்டின் தேதியையும் உள்நோயாளி எண்ணையும் கூடச் சிரத்தையாக எழுதிவைத்திருந்தார். முந்தைய நாள் தேதி. அந்த எண்ணை வைத்து மருத்துவமனைப் பதிவேட்டின் நகலை வாங்கினோம். மனைவியின் பெயரும் சேர்ந்த நாளும் பொருந்தின. எதிரி கைதான பிறகு புனைந்த கதை என்று சொல்ல முடியாதபடி, காவல்துறையே கைது நேரத்தில் எழுதிய தாள் அது.

இரண்டாவது, தொலைபேசி விவரங்கள். உயர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு தாக்கல் செய்த எதிருரையில் முதல் எதிரிக்கும் மூன்றாம் எதிரிக்கும் இடையிலான அழைப்புகள் காட்டப்பட்டிருந்தன. இரண்டாம் எதிரியின் எண்ணுக்கு முதல் எதிரியிடமிருந்தோ மூன்றாம் எதிரியிடமிருந்தோ ஓர் அழைப்பும் இல்லை. மூன்றாவது, மூட்டைகள் இருந்த இடம். நீதிமன்றக் காவலில் வைக்கக் கேட்டுக் காவல்துறை கொடுத்த ரிமாண்ட் அறிக்கை "ஆளுக்கொரு மூட்டையாகக் கொண்டுசென்றனர்" என்றது. மகஜரோ இரண்டு மூட்டைகளும் வண்டியின் பின்தொட்டியில், மூன்று அடுக்குக் கிரேடுகளுக்கும் தார்ப்பாய்க்கும் அடியில் இருந்ததாகச் சொன்னது. ஓட்டுநர் அறையிலிருந்து பார்த்தால் தார்ப்பாய் தவிர வேறெதுவும் தெரியாது.

"ஆளுக்கொரு மூட்டை" என்ற அந்தச் சொற்றொடர் அரசுத் தரப்புக்கே வினையாக முடிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆளுக்கொரு மூட்டை என்றால் ஆளுக்குப் பத்துக் கிலோ சொச்சம், அதாவது இடைப்பட்ட அளவு. சதி நிரூபிக்கப்படாதபோது இருவர் தனித்தனியே வைத்திருந்ததைக் கூட்டி ஒருவர் தலையில் வைக்க முடியாது என்று அமர்சிங் ராம்ஜிபாய் பரோட் வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சதி என்ற 29-ஆம் பிரிவைச் சேர்த்துவிட்டோம் என்று அரசுத் தரப்பு பதில் சொன்னது. பிரிவைச் சேர்ப்பது வேறு, அதற்கு ஆதாரம் காட்டுவது வேறு. முன்பின் பேசிக்கொண்டதற்கு ஒரு தடயமும் இல்லாத இருவரிடையே, ஒரே வண்டியில் இருந்தார்கள் என்பதற்கு மேல் சதிக்கு என்ன காட்டினார்கள்?

உயர் நீதிமன்றம் மார்ச் மாதத்தில் இரண்டாம் எதிரிக்குப் பிணை கொடுத்தது. காரணங்களை அந்த உத்தரவு ஒழுங்காகச் சொன்னது: கைது நேரத்து ஆவணம், தொலைபேசித் தொடர்பு இல்லாமை, மூட்டை இருந்த இடம், முன்வழக்குகள் எதுவும் இல்லாமை. 37-ஆம் பிரிவின் சொற்களை எழுத்துக்கு எழுத்து எடுத்தால் பிணை என்பதே இல்லாமல் போய்விடும், ஆவணங்களை மேலோட்டமாகப் பார்த்து நியாயமான திருப்தி அடைந்தால் போதும் என்ற முகமது முஸ்லிம் தீர்ப்பை (2023 மார்ச் 28) அது அடியொற்றியது. எடையைப் பற்றி மட்டும் அது ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் எதிரியின் மனு அதே நாளில் அனுமதிக்கப்பட்டது. அதில் சிக்கல் குறைவு. அவரிடமிருந்து கைப்பற்றியது எதுவும் இல்லை. அவருக்கு எதிராக இருந்தவை முதல் எதிரியின் வாக்குமூலமும் பதினொரு தொலைபேசி அழைப்புகளும். காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23-ஆம் பிரிவு. போதைப்பொருள் சட்டத்தின் 53-ஆம் பிரிவின்கீழ் அதிகாரம் பெற்ற மற்றத் துறை அதிகாரிகளிடம் கொடுக்கும் வாக்குமூலத்துக்கும் அதே விதிதான் என்று தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு வழக்கில் 2020 அக்டோபர் 29 அன்று இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ந்தது. நம் மாநிலத்து வழக்கு என்பதால் இங்குள்ள நீதிமன்றங்களில் அதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. வாக்குமூலத்தோடு வெறும் அழைப்பு விவரங்கள் மட்டும் இருந்த வழக்கில் பிணையை உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியிருக்கிறது (பல்லுலாபித் அகமது அரிமுட்டா, 2022). தவிர, முதல் எதிரி அந்தப் பகுதிக் காட்டேஜ்களுக்குத் தண்ணீர்க் கேனும் மளிகையும் ஏற்றிவந்தவர். வாரத்துக்கு நான்கு அழைப்பு இல்லாவிட்டால்தான் வியப்பு.

எடை

இனி முதல் எதிரி. எங்களில் யாருக்கும் அவர்மேல் பெரிய பரிவு இல்லை. சரக்கு அவர் வண்டியில் இருந்தது, ஏற்றியவரும் அவர். தக்காளிக்கு அடியில் யாரோ வைத்துவிட்டார்கள் என்று அவர் சொன்னதை அவருடைய வழக்கறிஞரே அழுத்திச் சொல்லவில்லை. அந்த மூத்த வழக்கறிஞர் பிடித்துக்கொண்டது எடையை மட்டுமே.

சட்டத்தில் வணிக அளவு என்பதற்கு, அறிவிக்கையில் சொன்ன அளவை விட அதிகமான எந்த அளவும் என்று பொருள். சரியாக 20 கிலோ என்றால் அது வணிக அளவு ஆகாது. கஞ்சா என்பதற்கும் பொருள் வரையறை உண்டு. அது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள். நுனிகளோடு சேராத விதையும் இலையும் அதில் அடங்கா. மகஜரோ "பச்சை நிறத்தில் இலை, தண்டு, விதை, பூக்களுடன் கூடிய" பொருள் என்றது. எடை போட்டபோது எது எவ்வளவு என்று யாரும் பிரிக்கவில்லை. இந்த வாதத்தைப் பல உயர் நீதிமன்றங்கள் பிணை நிலையில் ஏற்றுள்ளன, சில ஏற்கவில்லை. நுனியோடு ஒட்டிக்கிடக்கும் இலை நுனியோடு சேர்ந்ததுதானே என்ற எதிர்வாதத்திலும் வலு இருப்பதால், நான் அதைத் தனியாக நம்பி நிற்கமாட்டேன்.

வலுவான கேள்வி வேறு. மூட்டையை அவிழ்த்து எடை போட்டார்களா, கட்டியபடியே போட்டார்களா?

52-ஏ பிரிவின்கீழ் நீதித்துறை நடுவர் முன்னிலையில் பொருள்பட்டியல் தயாரிக்கும் நடைமுறை நாற்பத்து நான்காம் நாள் நடந்தது. 2022 டிசம்பரில் வந்த விதிகளின்படி மாதிரிகளை எடுக்க வேண்டியதும் அங்கேதான், கஞ்சாவுக்கு மாதிரி ஒன்றுக்கு 24 கிராம். அங்கே சாக்கையும் உள்ளே சுற்றியிருந்த பாலிதீனையும் நீக்கி எடை போட்டபோது வந்தது 19.860 கிலோ. மகஜரைவிட 1.040 கிலோ குறைவு. காய்ந்து எடை குறைந்திருக்கிறது என்றது அரசுத் தரப்பு. கஞ்சா ஈரத்தோடு மூட்டை கட்டப்படும் பொருள் என்பதால் அது பொய்யான விளக்கம் அல்ல. சாக்கின் எடையும் சேர்ந்துதான் 20.900 வந்தது என்றது எதிரிகளின் தரப்பு. இரண்டு விளக்கமும் ஒரே எண்ணுக்குப் பொருந்தின. எது எவ்வளவு என்று அறிய மிக எளிய வழி ஒன்று இருந்தது. பிரித்தெடுத்த காலிச் சாக்குகளை அந்த மேசையிலேயே தராசில் வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். யாரும் வைக்கவில்லை.

இந்தக் கேள்வி பிணைக்கு மட்டும் உரியது அல்ல. காலக்கணக்கும் அதில் தொங்குகிறது. வணிக அளவு வழக்கில் 36-ஏ பிரிவின்படி இறுதி அறிக்கைக்கு, அதாவது குற்றப்பத்திரிகைக்கு, 180 நாள் அவகாசம், அரசு வழக்கறிஞரின் அறிக்கையின்பேரில் ஓராண்டு வரை நீட்டிக்கவும் முடியும். இடைப்பட்ட அளவானால் அந்தச் சலுகை இல்லை. ராகேஷ் குமார் பால் தீர்ப்பின் (2017) வழியே, தண்டனை பத்தாண்டு "வரை" போகும் குற்றத்துக்கு 60 நாள்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ஆம் பிரிவில் சொற்கள் சிறிது மாறியிருப்பதால் 90 என்று வாதிட இடம் உண்டு என்றாலும், 180 என்று யாரும் சொல்ல முடியாது. நடுவர் கண்ட 19.860 கிலோவை வைத்து 61-ஆம் நாள் முதல் எதிரி, அவகாசத்துக்குள் இறுதி அறிக்கை வராதபோது உரிமையாகும் சட்டப்படியான பிணையைக் கேட்டார். கைப்பற்றிய நேரத்து எடையே அடிப்படை, மற்றவை விசாரணையில் பார்க்கப்பட வேண்டியவை என்று சொல்லி சிறப்பு நீதிமன்றம் மறுத்தது. உயர் நீதிமன்றமும் மார்ச் மாதத்தில் அவருடைய மனுவை மட்டும் தள்ளுபடி செய்தது.

"விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற அந்த வரியில்தான் எனக்கு மாற்றுக்கருத்து. 42-ஆம் பிரிவு மீறப்பட்டதா என்பது விசாரணைக்குப் போகலாம், ஏனென்றால் அது பிணைக்கான வாசலைத் தீர்மானிப்பதில்லை. எடை அப்படியல்ல. எடை இருபதைத் தாண்டினால்தான் 37-ஆம் பிரிவு அந்த அறைக்குள் வரவே முடியும். அதை உள்ளே வரவிட்டு, அது வந்திருக்கலாமா என்பதை இரண்டு ஆண்டு கழித்து விசாரணையில் முடிவு செய்வோம் என்றால், முடிவு எதிரிக்குச் சாதகமாகவே வந்தாலும் அதற்குள் அவர் கழித்த சிறைவாசத்தை யாரும் திருப்பித் தர முடியாது. எடை தகராறில் இருக்கும் வழக்கில் நீதிமன்றம் முதலில் எடையைப் பற்றி ஒரு தற்காலிக முடிவுக்கு வர வேண்டும். பிறகே ஆளுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு, முன்வழக்கு, தப்பியோடும் வாய்ப்பு என்ற மற்றவை.

அரசுத் தரப்பின் கவலையையும் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. சேலம் ஜங்ஷன் வழியாக ஆந்திரப் பகுதியிலிருந்து கேரளம் நோக்கிப் போகும் ரயில்களில் பைபையாகக் கஞ்சா பிடிபடுவதும், பிணையில் போன வெளிமாநிலத்தவர் பிறகு கண்ணிலேயே படாததும் இங்குள்ள நீதிமன்றங்கள் தினம் காண்பவை. 52-ஏ நடைமுறையில் வந்த தாமதமோ குறையோ தன்னளவில் பிணைக்குக் காரணம் ஆகாது என்று காஷிஃப் வழக்கில் (2024 டிசம்பர்) உச்ச நீதிமன்றம் சொன்னதையும் அரசு வழக்கறிஞர் சரியாகவே எடுத்துக்காட்டினார். ஆனால் நாங்கள் சொன்னது நடைமுறைக் குறையை அன்று. அந்த நடைமுறை கண்டுபிடித்த எண்ணையே.

இறுதி அறிக்கை 172-ஆம் நாள் தாக்கலானது. அதன் நகல்களோடு, சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவின்படி சோதனை நேரத்தில் எடுத்த காணொளியும் கிடைத்தது. கைவிளக்கு வெளிச்சத்தில் எடுத்த ஆறு நிமிடப் படம். நான்காவது நிமிடத்தில் ஒரு காவலர் கொக்கித் தராசைத் தூக்கிப் பிடிக்கிறார். அதில் வாய் தைத்த சாக்கு, மேலே சுற்றிய நைலான் கயிறோடு, மெல்லச் சுழன்றபடி தொங்குகிறது. தராசின் சிவப்பு எண்கள் 10.68, 10.70, 10.68, 10.70 என்று மாறி மாறி ஒளிர, யாரோ "பத்து எழுநூறு" என்று சொல்கிறார்கள். சாக்கு திறக்கப்படுவது அதற்குப் பிறகுதான். தராசு இருபது கிராம் படிகளில்தான் காட்டும் என்பதையும் அந்தப் படமே காட்டியது.

காணொளியை வைத்து, காலிச் சாக்குகளை எடை போட உத்தரவிடுமாறு முதல் எதிரி மனுச் செய்தார். அரசுத் தரப்பு எதிர்த்தது. நீதிமன்றம் அனுமதித்தது, அதற்கு அந்த நீதிபதியைப் பாராட்ட வேண்டும். நீதிமன்றச் சொத்து அறையிலிருந்து சாக்கு, பாலிதீன், டேப், கயிறு எல்லாம் கொண்டுவரப்பட்டு, முத்திரையிட்ட மேசைத் தராசில் வைக்கப்பட்டன. 870 கிராம்.

20.900-இலிருந்து 870 கிராமைக் கழித்தால் 20.030. அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. முதல் எதிரியின் வழக்கறிஞர் கணக்கை இரண்டாவது முறை போட்டுப் பார்த்தார். அரசுத் தரப்பு சொன்ன காய்தலும் உண்மை, எதிரிகளின் தரப்பு சொன்ன சாக்கும் உண்மை. ஆனால் கைப்பற்றிய நேரத்து எடையிலிருந்து சாக்கைக் கழித்த பிறகும் முப்பது கிராம் எல்லைக்கு மேலே நின்றது.

சிறப்பு நீதிமன்றம் முப்பது கிராமானாலும் அதிகம் அதிகம்தான் என்று மனுவைத் தள்ளுபடி செய்தது. பதினான்காவது மாதத்தில் உயர் நீதிமன்றம் பிணை கொடுத்தது. அளவு எல்லையைச் "சற்றே" தாண்டியது, விசாரணை இன்னும் தொடங்கவில்லை, மனுதாரருக்கு முன்வழக்கு இல்லை என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். முடிவு சரி என்பதே என் எண்ணம். முதல் காரணம் சரியல்ல. சட்டத்தில் "சற்றே வணிக அளவு" என்று ஒரு வகை கிடையாது. இருபதுக்கு மேல் என்றால் 37, இல்லையென்றால் இல்லை. நீதிமன்றம் சொல்லியிருக்க வேண்டியது, இருபது கிராம் படியில் துள்ளும் தராசில் இருமுறை தொங்கவிட்டு எடுத்த எண்ணிலிருந்து கிடைக்கும் முப்பது கிராம், இலையும் தண்டும் பிரிக்கப்படாத நிலையில், எல்லையைத் தாண்டியதாக நம்பத் தகாது என்பதை. அப்படிச் சொல்லியிருந்தால் அடுத்த வழக்கில் மூட்டையை அவிழ்த்து எடை போட்டிருப்பார்கள். "சற்றே" என்ற சொல்லால் அடுத்தவருக்கு ஒரு பயனும் இல்லை. எவ்வளவு வரை சற்றே என்று நாங்கள் இன்னொரு முறை வாதிட வேண்டியதுதான்.

வெளியே வந்த பிறகு

இரண்டாம் எதிரிக்குப் பிணை கிடைத்த நாளும் அவர் வெளியே வந்த நாளும் ஒன்றல்ல. இரண்டு ஜாமீன்தாரர்கள், அவர்களில் ஒருவர் இரத்த உறவினர், தினமும் காலை பத்தரை மணிக்கு விசாரணை அதிகாரி முன் கையெழுத்து என்ற வழக்கமான நிபந்தனைகள். நிபந்தனையை மீறினால் பி.கே.ஷாஜி வழக்கின்படி கீழமை நீதிமன்றமே நடவடிக்கை எடுக்கலாம் என்ற, நம் மாநிலப் பிணை உத்தரவுகளின் முடிவில் தவறாமல் வரும் வரியும் இருந்தது. அண்ணனிடம் ஆதார் இருந்தது, ஆனால் ஜாமீனுக்குக் காட்ட அவர் பெயரில் சொத்து ஆவணம் எதுவும் இல்லை. தோட்டக் குடியிருப்பில் இருப்பவரிடம் பட்டா கேட்டால் எங்கே போவார்? கிராம நிர்வாக அலுவலரின் சான்று வாங்கி, இரண்டாவது ஜாமீன்தாரரை அயோத்தியாப்பட்டணத்தில் தேடிப் பிடித்து, ஒன்பதாவது நாள்தான் அஸ்தம்பட்டியில் உள்ள மத்திய சிறையின் வாசலுக்கு வந்தார். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது குறித்து நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் வழிகாட்டியிருக்கிறது. ஆனால் ஒன்பது நாள் தாமதம் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

தினக் கையெழுத்துக்காக அவர் மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கி ஏற வேண்டும். அன்றைய கூலி போய்விடும். நான்கு வாரம் கழித்து, ஏற்காடு காவல் நிலையத்தில் திங்கட்கிழமை மட்டும் கையெழுத்து என்று நிபந்தனையை மாற்றக் கேட்டோம், கிடைத்தது.

சிறை வாசலில் அவர் என்னிடம் வழக்கைப் பற்றிக் கேட்கவில்லை. "சார், அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு திரும்பக் கெடைக்குமா? அடுத்த தடவ காட்டப் போறப்ப அது இல்லாம போனா மறுபடி மொதல்லருந்து எழுதுவாங்க" என்றார். அது வழக்குச் சொத்தாகப் பட்டியலிடப்பட்டிருந்ததால் மூலத்தைத் தர முடியாது என்றார்கள். சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு, பதினோராவது நாள் வாங்கி, அவர் மனைவியின் கையில் கொடுத்தேன்.